பிற காரணங்கள்

முதுகெலும்பிலிருந்து எடுத்த நீரில்
வெள்ளையணுக்களை எண்ணுவது என் வேலை.
பார்வைக்கு மழைத்தண்ணீர்போலத் தெளிவாகத்தான் இருக்கும்.
கண்ணாடிக் கட்டத்துக்குள் விட்ட பிறகுதான்
ஆள் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று தெரியும்.
ஐந்துக்குள் என்றால் ஊசி வேறு.
ஐந்தைத் தாண்டினால் ஆர்சனிக்.

அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்,
அதனால் கண்ணாடி ஊசிக்குழாய்.
நரம்பில் மிளகாய் ஓடுகிறது என்பார்கள்.
ஃபெனி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை,
கட்டில் கம்பியை வளைத்துவிட்டார்.
இருபது பேரில் ஒருவரை மருந்தே கொல்லும்.
மருந்து இல்லாவிட்டால் இருபது பேரும்.
இந்தக் கணக்கை
வாசலில் நிற்கிறவர்களுக்கு லுக்பாராவில் சொல்வதும் நான்தான்.
டாக்டருக்கு எங்கள் மொழியில்
காலை வணக்கம் மட்டும் தெரியும்.

கம்பாலாவிலிருந்து ஒரு படிவம் வந்தது.
இரண்டாம் கட்டத்தில் இறந்தவர்கள்,
எதனால், பத்தி பத்தியாக.
வயது. எடை. காய்ச்சல்.
அணுக்கள் நூறுக்கு மேலா.
கூப்பிட்டால் திரும்பினாரா.
நடந்து வந்தாரா, தூக்கி வந்தார்களா.
கடைசியில் ‘பிற’ என்று
ஒரு விரல் அகலத்துக்கு இடம்.

மண்ணெண்ணெய் விளக்கில் இரண்டு இரவு
பழைய பதிவேடுகளைப் புரட்டினேன்.
அடுத்த அறையில் எல்லாரும் விழித்திருந்தார்கள்.
இந்த நோய்க்கு இரவுதான் சந்தை நேரம்.
ஒருவர் பாடுவார்,
ஒருவர் சுவரோடு எல்லைத் தகராறு பேசுவார்.
விடிந்தால்
வாயில் வைத்த என்யாசாக் களி
மெல்லாமல் கன்னத்தில் அப்படியே இருக்கத்
தூங்கிப்போவார்கள்.

த்ராத்தேரு வந்தது சைக்கிளில், மூட்டையாக.
வழியில் தூங்கி விழுவாள் என்று
கணவர் பின்சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.
அறுபத்திரண்டு வயது, முப்பத்தொரு கிலோ,
அணுக்கள் நானூற்றுப் பதினெட்டு.
எண்ணி முடித்து, நம்பாமல், மறுபடி எண்ணினேன்.
அவள் பெயருக்கே
சாவுக்காகக் காத்திருப்பவள் என்று பொருள்;
முன்னால் பிறந்தவை தங்காததால் வைத்த பெயர்.
படிவத்தில் ஒரு கட்டம் பாக்கியில்லாமல்
அவளுக்கு டிக் விழுந்தது.

முப்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்து
சீப்பு கேட்டாள்.
பிறகு, என் ஆட்டை யார் விற்றது என்றாள்.
கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எத்தோமாவுக்குப் பத்தொன்பது.
ஆற்றில் மீன்கூடு வைக்கிறவன்.
தானே நடந்து வந்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
நுண்ணோக்கியில் பார்க்கணும் என்று நச்சரித்தான்.
காட்டினேன்.
அவனுடைய நீர்தான் அது.
ஒற்றைக் கிருமி வாலைச் சுழற்றி ஓடியதைப் பார்த்து,
‘இந்தக் குளத்தில் மீன் குறைவு’ என்றான்.
அணுக்கள் ஒன்பது.
ஒன்பது என்று சத்தமாகப் படித்தேன், வார்டுக்கே கேட்கும்படி.

எட்டாம் நாள் காலையில் தலைவலி.
பத்தரைக்கு வலிப்பு.
மதியம் அவன் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வரிசை முழுக்க
இல்லை, இல்லை, இல்லை.
‘பிற’வில் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினேன்:
சோதனை வண்டி இரண்டு வருடமாக வரவில்லை, டீசல் இல்லை.
கடையில் ஒரு வருடம் மலேரியா மாத்திரை விற்றார்கள் அவனுக்கு.
ஆற்றோரம் ஈ பிடிக்கக் கட்டிய நீலத் துணியை
யாரோ கழற்றிப் பாவாடை தைத்துக்கொண்டார்கள்
(அவர்கள்மேல் கோபமில்லை, நல்ல துணி).
எழுத்து கட்டத்தைத் தாண்டி
அடுத்த ஆளின் வயதின்மேல் ஏறிவிட்டது.
டாக்டர் பார்த்துவிட்டு,
கம்ப்யூட்டர் இதையெல்லாம் ஏற்காது என்றார்,
அழிக்கச் சொல்லவில்லை.

த்ராத்தேரு இரண்டு முறை மறுபரிசோதனைக்கு வந்துபோனாள்.
ஆட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை.

இப்போதும் எண்ணுகிறேன்.
ஏழு வருகிறது, பதினொன்று வருகிறது.
சின்ன எண் வந்தால்
மெதுவாகத்தான் சொல்கிறேன்.